மலைவாழ் மக்களின் சுகாதாரமும் அரசாங்க நிதியும்

சென்னையில் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இடையே, தேனாம்பேட்டையில், டி.எம்.எஸ். வளாகம் என வழங்கும் அலுவலகத் தொகுதி அமைந்துள்ளது. பொதுச் சுகாதாரத் துறையின் தலைமை அலுவலகமும் தேசிய சுகாதார இயக்கத்தின் மாநில அலுவலகமும் அங்கேயே இருக்கின்றன. நீலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குரிய திட்டங்கள் இங்கேதான் வகுக்கப்படுகின்றன. அத்திட்டங்களுக்கான நிதி எங்கிருந்து வருகிறது, எந்த அளவுகோலைக் கொண்டு பங்கிடப்படுகிறது என்பதைக் கிராமப் பணியில் ஈடுபட்டுள்ள யாவரும் அறிந்திருத்தல் நலம்.

நிதி வரும் வழி

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் மாநிலத்தில் பழங்குடி மக்கள் 7,94,697 பேர். இது மொத்த மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே மிஞ்சும். இவர்களுள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினர் மிகவும் நலிவுற்றோர் எனத் தனியே இனங்காணப்பட்டுள்ளனர்.

பழங்குடியினர் நலனுக்கென மத்திய அரசு மாநிலங்களுக்கு மானியம் வழங்க வேண்டுமென்பதை அரசியலமைப்பின் 275ஆவது பிரிவு வகுத்துள்ளது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ஊரக சுகாதார இயக்கம், பின்னர் தேசிய சுகாதார இயக்கமாக விரிவடைந்தது. அதன் செலவில் 100க்கு 60 பங்கை மத்திய அரசும் 40 பங்கை நம் மாநில அரசும் ஏற்கின்றன. 2023 நவம்பரில் நலிவுற்ற பழங்குடியினருக்கென நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கென 24,104 கோடி ரூபாய் வகுக்கப்பட்டது. வீடு, சாலை, குடிநீர் ஆகியவற்றோடு நடமாடும் மருத்துவக் குழுக்களும் அதில் இடம்பெற்றன. இது பொருத்தமே. பாதையில்லாத ஊரில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வரும் நிலை நீங்காதவரை மருந்தும் மருத்துவரும் இருந்தும் பயனில்லை.

தலைக் கணக்கும் நடைக் கணக்கும்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் அமைய வேண்டுமென்பது விதி. மலைப் பகுதிகளிலும் பழங்குடியினர் வாழும் பகுதிகளிலும் இவ்வளவு முறையே 3,000 எனவும் 20,000 எனவும் தளர்த்தப்பட்டுள்ளது. இச்சலுகை வரவேற்கத்தக்கது, எனினும் போதுமானதன்று. ஒரு மலையில் பத்துக் குடியிருப்புகள், ஒவ்வொன்றிலும் நூறு பேர் என வைத்துக்கொள்வோம். 3,000 பேர் சேர வேண்டுமாயின் அத்தகைய மூன்று மலைகளை ஒன்று சேர்த்தாக வேண்டும். நிலையம் ஒரு மலையில் இருக்கும். ஏனைய இரு மலைகளிலுள்ளோர் இறங்கி ஏறி நடந்தே வர வேண்டும்.

ஆகவே தலைகளை எண்ணுவதோடு நடைத்தொலைவையும் அளந்து நிதியைப் பங்கிடுவதே நியாயம். குடியிருப்பிலிருந்து அரை மணி நேர நடைக்குள் துணை நிலையம் இருத்தல் வேண்டும் என்னும் நெறியைச் சில மலை மாநிலங்களின் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கும் பாலைப் பகுதிகளுக்கும் மத்திய அரசே ஏற்றுள்ளது. நம் மலைகளுக்கும் இந்நெறியே ஏற்றதாகும்.

தொலைவினால் நேரும் இழப்புக்கு ஓர் உதாரணம் காட்டுவோம். அடையாற்றில் 1954ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடைபெற்று வருகிறது. ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட இதன் மதிப்பு 18,000 ரூபாய். இதனைப் பெறக் கருவுற்ற தாய் தொடக்கத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். வங்கிக் கணக்கும் வேண்டும். செவிலியர் எட்டாத குடியிருப்பில் பதிவு தாமதமாகிறது. நிதி இருந்தும் உரியவருக்குக் கிட்டாமற்போகிறது.

உள்ளூர்ப் பெண்களே துணை

இதற்கு வழியில்லாமல் இல்லை. அடையாற்றில் 1958ஆம் ஆண்டில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய தன்னார்வ சுகாதார சேவை நிறுவனம், சென்னைக்கு வெளியேயுள்ள கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்களை அமைத்தது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே முதலுதவிப் பயிற்சி அளித்துப் பணியில் ஈடுபடுத்தியது. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் 1993ஆம் ஆண்டு முதல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் பழங்குடிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக உருவாக்கிக் காட்டினர். தம் மொழியில் பேசி, தம் வழக்கங்களை அறிந்த ஒருத்தியை மக்கள் நம்புகின்றனர். நம் மாநிலத்தில் 'ஆஷா' பணியாளர்கள் மலை, பழங்குடிப் பகுதிகளில் அமர்த்தப்பட்டிருப்பதும் இக்கருத்தினாலேயே. அவர்களது பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் செலவிடும் பணம் கட்டடத்துக்குச் செலவிடும் பணத்தினும் குறைந்த பயன் தருவதன்று.

நாம் செய்யத்தக்கவை

கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிபந்தனையற்ற நிதி அனுமதிக்கப்பட்டுள்ளது. தொகை சிறிது, ஆயினும் உரிய வேளையில் நோயாளியைக் கீழே கொண்டுவரும் வண்டிக் கூலிக்கு அது உதவும். ஊராட்சி மன்றத்தார் தம் எல்லையிலுள்ள ஒவ்வொரு குடியிருப்பையும், அங்குள்ள கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும், மருத்துவ நிலையத்துக்கு நடக்க ஆகும் நேரத்தையும் ஒரு பட்டியலாக எழுதி, கிராம சபையில் வைத்து, மாவட்ட சுகாதார அலுவலருக்கு அனுப்புவார்களாக. தேனாம்பேட்டையில் அமர்ந்து திட்டம் வகுப்போர்க்கு மலையின் தொலைவு தானே தெரியவராது. அதைத் தெரிவிப்பது நம் கடமை. தெரிந்தபின் அதற்கேற்ப நிதியை ஒதுக்குவது அரசாங்கத்தின் கடமை. இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேறினால், மலையுச்சியில் பிறக்கும் குழந்தைக்கும் மயிலாப்பூரில் பிறக்கும் குழந்தைக்கும் ஒரே பாதுகாப்பு கிட்டும் நாள் வெகு தொலைவில் இல்லை.