மீன் வாங்கி வந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

கரைவலை எப்போது இழுப்பார்கள், ஏலம் முடிந்த மீன் எப்போது தெருவுக்கு வரும் என்பதெல்லாம் நம் கடலோர ஊர்களில் சிறு பிள்ளைக்கும் தெரியும். மீன் ஆணம் வைக்காத வாரம் நம் வீடுகளில் அரிது. பார்த்து வாங்குவதில் காட்டும் அக்கறையை, வாங்கிய மீன் வீட்டுக்கு வந்த பிறகு நாம் காட்டுவதில்லை. பையோடு அடுப்படி மூலையில் வைத்துவிட்டு, "லுஹருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். கெடுதல் தொடங்குவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

ஆடு, கோழி போல மீனுக்கு அறுக்கும் முறை கிடையாது. அதனால் அதில் கவனிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா இறைச்சியையும்விட விரைவாகக் கெடுவது மீன்தான்.

ஏன் இந்த அவசரம்?

மீன் செத்ததும் அதன் குடலிலும் செவுளிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகிச் சதைக்குள் பரவும். நம் ஊர் வெயிலில் இது மிக வேகமாக நடக்கும். சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். பலர் இதை மீன் ஒவ்வாமை என்று எண்ணிவிடுகிறார்கள். ஹிஸ்டமின் ஒருமுறை உருவாகிவிட்டால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் போகாது. ஆகவே கெட்ட மீனை மசாலா காப்பாற்றாது.

வாங்கும்போது

கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும். செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் சதை எழும்ப வேண்டும். வயிறு உடைந்த மீன் வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வெளியூர் ஐஸ் மீன் அதிகம் வரும் என்பதால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வீடு தூரமாக இருந்தால் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கில் போட்டு எடுத்து வருவது நல்லது.

சுத்தம் செய்யும் வரிசை

முதலில் செட்டைகளைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். கையில் குத்துவது பெரும்பாலும் இவைதான். கெளுத்தி வகையின் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். வலி குறையாவிட்டாலும் வீங்கினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரண்டாவது செதில். வாலிலிருந்து தலையை நோக்கி, கத்தியின் பின்புறத்தால் சுரண்ட வேண்டும். மீனை நனைத்துக்கொண்டால் செதில் தெறிக்காது. வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் செதில் மிகக் குறைவு, வழித்துவிட்டால் போதும்.

மூன்றாவது வயிறு. வாலுக்கு அருகில் உள்ள துளையிலிருந்து தலைவரை மேலோட்டமாகக் கீறுங்கள். கத்தி ஆழமாக இறங்கினால் பித்தப்பை உடைந்து சதை கசந்துவிடும். குடலையும் செவுளையும் சேர்த்து இழுத்து எடுத்துவிடுங்கள். சினை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள்.

நான்காவது, பலர் விட்டுவிடும் வேலை. வயிற்றுக்குள் நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக் கோடு இருக்கும். அதை நகத்தாலோ கரண்டி நுனியாலோ சுரண்டிக் கழுவ வேண்டும். உட்புறக் கறுப்புத் தோலையும் தேய்த்து எடுத்துவிட்டால் மீன் வாடையில் பாதி போய்விடும்.

சந்தையிலேயே வெட்டி வாங்குபவர்கள் செவுளையும் ரத்தக் கோட்டையும் எடுத்துத் தரும்படி கேட்டு வாங்குங்கள். அங்கே பல மீன்களை ஒரே வாளித் தண்ணீரில் கழுவுவதுண்டு. வீட்டில் நல்ல தண்ணீரில் மறுபடி கழுவிக்கொள்ள வேண்டும்.

முள் நீக்கிச் சதை எடுப்பது

சிறு பிள்ளைகளும் வயதான பெரியவர்களும் இருக்கும் வீட்டில் இதைத் தெரிந்து வைத்திருப்பது பெரிய உதவி. கொடுவா, பாறை, விளமீன் போன்ற அரைக் கிலோவுக்கு மேற்பட்ட மீன்கள் இதற்குத் தோதானவை. அரிவாள்மனையைவிட நீளமான, கூரிய, மெல்லிய கத்தி இதற்கு நல்லது. மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது.

மீனின் ஈரத்தைத் துடைத்துப் பக்கவாட்டில் கிடத்துங்கள். செவுள் மூடிக்குப் பின்னால் சாய்வாக, நடுமுள் தட்டும்வரை வெட்டுங்கள். அங்கிருந்து கத்தியை வால் பக்கம் திருப்பி, நடுமுள்ளின் மேலேயே படுக்க வைத்து நீளமாக இழுத்து அறுத்துச் செல்லுங்கள். கத்தி முள்ளில் உரசும் சத்தம் கேட்டால் சரியாகப் போகிறது என்று பொருள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் இப்படியே எடுக்க வேண்டும்.

வயிற்றுப் பகுதி விலா முட்களைக் கத்தியைச் சாய்த்துச் சீவிவிடுங்கள். பிறகு துண்டின் நடுவே விரலால் தடவிப் பார்த்தால் சிறு முட்கள் தட்டுப்படும். அவற்றைச் சாமணத்தால் தலைப்பக்கமாக இழுத்தால் சதை பிய்யாமல் வரும். தோல் வேண்டாம் என்றால் விரலில் உப்பைத் தொட்டு வால் முனைத் தோலைப் பிடித்துக்கொண்டு, சதைக்கும் தோலுக்கும் நடுவே கத்தியைச் செலுத்துங்கள்.

இப்படி எடுத்தால் பெரும்பாலான மீன்களில் பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் சதை கிடைக்கும். மீதியை வீணாக்க வேண்டியதில்லை. தலையும் நடுமுள்ளும் ஆணத்துக்கு ருசி கொடுக்கும். வடிகட்டிவிட்டால் முள் பயமும் இல்லை.

கழுவுவதும் வைப்பதும்

வெட்டிய துண்டுகளை நெடுநேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் ருசி இறங்கிச் சதை தளர்ந்துவிடும். உப்பும் மஞ்சளும் புரட்டி விரைவாக அலசி எடுங்கள். புளி அல்லது எலுமிச்சையின் புளிப்பு வாடையைப் போக்கும். கை, கத்தி, பலகைக்கும் அதுவே மருந்து.

உடனே சமைக்காவிட்டால், தண்ணீரை ஒற்றி எடுத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரிக்குக் குறைவான குளிரில் வையுங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். அதற்கு மேல் என்றால் உறைபெட்டிதான். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து வைத்தால், உருக்கி மறுபடி உறைய வைக்கும் தவறு நேராது. உறைந்த மீனை வெளியே வைக்காமல், முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றி உருக விடுங்கள்.

முள் சிக்கினால்

எவ்வளவு பார்த்து எடுத்தாலும் ஒரு முள் தப்பிவிடலாம். தொண்டையில் சிக்கினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடக்கூடும். விரலை விட்டும் தேட வேண்டாம். வலி நீடித்தாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை மீன் வீட்டுக்கு வரும்போது முழுதாகச் சுத்தம் செய்ய நேரம் இல்லாமல் போகலாம். குடலையும் செவுளையும் மட்டுமாவது எடுத்துவிட்டு ஐஸில் வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். மற்றதைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.