பரணுக்குப் பரண் பேச ஒரு வாக்கி டாக்கி

கடம்பூர் மலையில ராகி முற்றுகிற மாசத்துல ராத்திரி யாரும் வீட்டுல படுக்குறதில்ல. ஆளுக்கொரு பரண், ஒரு டார்ச், தட்டுறதுக்கு ஒரு தகர டப்பா. மூணு வருசத்துக்கு முந்தி ஒரு ராத்திரி மேல்காட்டுல இருந்த நாங்க சத்தம் போட்டு ஒரு யானையை விரட்டினோம். அது காட்டுக்குள்ள திரும்பல, பள்ளத்துப் பக்கம் இறங்கிடுச்சு. கீழ்க்காட்டு மாமா அந்த நேரம் தண்ணி குடிக்கப் பரணை விட்டு இறங்கி அதே தடத்துல வந்துக்கிட்டிருந்தார். நாங்க கத்தினது காத்துல போயிடுச்சு. செல்போன் எடுக்கிற இடம் கோயில் பாறை ஒண்ணுதான். யானை அவருக்கு இருபது அடி தள்ளித் தாண்டிப் போச்சு. அவர் பிழைச்சதுல எங்க சாமர்த்தியம் எதுவும் இல்லைங்க.

அடுத்த வாரமே நாலு குடும்பம் காசு போட்டு வாக்கி டாக்கி வாங்கினோம். அங்கதான் முதல் தப்பு. இணையக் கடையில "பத்து கிலோமீட்டர் பேசும், ஐந்து வாட்" என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கிட்டோம். பிறகு ஹாம் ரேடியோ வைத்திருக்கிற நண்பர் ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "இதை லைசன்ஸ் இல்லாம அழுத்தினாலே குற்றம்ணா" என்றார். அந்த செட் போலீசும் மற்ற துறைகளும் பேசுகிற அலைவரிசை வரைக்கும் போகுமாம். விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லலை.

நம் நாட்டில் சாதாரண ஆள் லைசன்ஸ் இல்லாமல் வாக்கி டாக்கி பேச ஒதுக்கியிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். இந்த வகை செட்டுக்குச் சக்தி குறைவு, அரை வாட் அளவுதான். வாங்கும்போது அலைவரிசை இதற்குள் இருக்கிறதா, அரசின் ஈ.டி.ஏ. சான்று இருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்க. பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம். 1995ல் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பு சொல்லியிருக்கு. நம்ம ஊர் ஏரி மாதிரி. ஏரின்னா மடை முறை இருக்கத்தானே செய்யும்?

அரை வாட் போதுமான்னு கேட்பீங்க. இந்த அலைக்குச் சக்தியை விட உயரம்தான் முக்கியம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் கையில் பிடித்துப் பேசினால், தடையில்லாத சமவெளியில் அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். அதே செட்டோட 9 மீட்டர் உயரப் பரணில் ஏறினால் 12 கிலோமீட்டருக்கு மேல். இது கணக்கு. நடுவில் மேடு, தென்னந்தோப்பு, மழையில் நனைந்த இலை இருந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே குரல் உடைஞ்சிடும். அதனால வாங்கின அன்னைக்கே ஒருத்தர் பரணில் உட்காரட்டும், இன்னொருத்தர் காடு முழுக்க நடந்து பேசிப் பார்க்கட்டும். எங்கே கேட்கலையோ அங்கே ஒரு கல் வையுங்க. எங்க காட்டுல பள்ளத்துக்குள்ள ஏழு கல் விழுந்துச்சு.

அந்தப் பள்ளத்துக்கு என்ன செய்யறது? இங்கதான் ரிப்பீட்டர் வருது. ரிப்பீட்டர் என்பது மலை உச்சி மாதிரி உயரத்தில் நிற்கிற செட். ஒரு அலைவரிசையில் கேட்கும், கேட்டதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும். பள்ளத்தில் இருப்பவர் உச்சியை எட்டினால் போதும், மறுபக்கம் இருப்பவருக்குக் கேட்டுவிடும். ஆனா லைசன்ஸ் இல்லாம நாமா ஒண்ணை நட்டு வைக்க முடியாது. அதனால நாங்க மனுசனையே ரிப்பீட்டர் ஆக்கினோம். மேட்டுப் பரணில் இருக்கிற தம்பிக்கு எல்லாக் காடும் கேட்கும். "கீழ்க்காடு, மேல்காடு சொல்றாங்க, யானை ஓடைத் தடத்துல இறங்குது" என்று அவன் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லணும். சொந்தக் கருத்து சேர்க்கக் கூடாது. அதுக்குத்தான் அவனுக்குப் பழக்கம் வேண்டியிருந்துச்சு! கோயில் பாறையில் போனோடு இன்னொருத்தர். வனத்துறைக்குச் சொல்ல வேண்டியது அவர் வேலை.

பேசறதுக்கும் ஒரு பழக்கம் இருக்கு. பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் வாயைத் திறக்கணும், இல்லேன்னா முதல் வார்த்தை போயிடும். எங்க செட்டில் முதல் வாரம் "யானை" என்ற சொல்லே கேட்காம "வருது" மட்டும் கேட்டுச்சு. முதலில் கூப்பிடுகிறவர் பேர், அப்புறம் உங்க பேர், அப்புறம் சேதி. முடிச்சதும் "ஓவர்". ஒருத்தர் அழுத்திப் பிடித்திருந்தால் மற்றவர் பேச வழியில்லை, அதனால சுருக்கமா முடிங்க. செட்டை நிமிர்த்திப் பிடித்து, வாயிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் பேசுங்க. ஆன்டெனாவைக் கையால் பொத்த வேண்டாம். தகரக் கொட்டகைக்குள் நின்று பேசினால் அலை வெளியே போகத் திணறும். யானை பக்கத்தில் இருந்தால் செட் அலறக்கூடாது, காதில் மாட்டுகிற இயர்போன் வாங்கிக்கிடுங்க. 'டோன்' வைத்துவிட்டால் ரகசியம் என்று நினைக்கிறாங்க. அது மற்றவர் சத்தம் உங்களுக்குக் கேட்காமல் தடுக்கும், உங்க பேச்சை யார் வேணும்னாலும் கேட்கலாம்.

எங்களுக்கு ரொம்ப உதவினது நேரம் வைத்து விசாரிக்கிறது. மணிக்கு ஒரு முறை தம்பி ஒவ்வொரு பரணையும் பேர் சொல்லிக் கேட்பான். இரண்டு தடவை பதில் இல்லேன்னா, இரண்டு பேராக டார்ச்சோடு போய்ப் பார்ப்போம். பாம்புக்கடிக்கும் இதுதான் வழி. கடிபட்டவரால் பொத்தானை அழுத்த முடியாமல் போகலாம்.

நிஜமான ரிப்பீட்டரில் பேசிப் பழக ஆசைப்படுகிற இளைஞர்கள் ஹாம் லைசன்ஸ் எடுக்கலாம். 12 வயசு ஆனாலே பரீட்சை எழுதலாம். மின்னணு அடிப்படையும் விதிகளும்தான் பாடம். 144–146 மெகாஹெர்ட்ஸ் ரிப்பீட்டர்களில் கேட்கிற அலைக்கும் சொல்கிற அலைக்கும் பொதுவா 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் இருக்கும். அதையும், கேட்டால் டோனையும் செட்டில் பதியணும். பேசுறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் கேளுங்க, யாராவது பேசிக்கிட்டிருக்கலாம். அதில் தக்காளி விலை பேசக்கூடாது, வியாபாரத்துக்கு அனுமதி இல்லை. ஆனா ஆபத்து நேரத்தில் அதன் அருமை தெரியும். 2004 சுனாமியின்போது அந்தமானில் இருந்த ஹாம் பாரதி பிரசாத், மற்ற தொடர்பெல்லாம் அறுந்த நிலையில் சேதி கடத்தினார்.

போன பட்டத்துல யானை நாலு தடவை இறங்குச்சு. ராகி கொஞ்சம் போச்சு. மாமா இப்ப பரணை விட்டு இறங்கும் முன்னாடி, "மேட்டுப் பரண், கீழ்க்காடு. தண்ணிக்கு இறங்கறேன், தடம் காலியா? ஓவர்" என்று கேட்காமல் காலைக் கீழே வைக்கிறதில்லை. பேட்டரி தீர்ந்த ஒரு ராத்திரி, விடியும் வரைக்கும் தாகத்தோட பரணிலேயே இருந்தார். அதுக்குப் பிறகு நாலு பரணுக்கும் ஆளுக்கொரு மாற்று பேட்டரி வாங்கிட்டோம்.