குசினிக் குழாயும் ஒரு துண்டு இறப்பரும்

குசினிக் குழாய் உடைவதற்கென்றே சில நேரங்கள் இருக்கின்றன போலும். நோன்பு துறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது, அல்லது வீட்டு ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருக்கும்போதுதான் அது கையோடு கழன்று வரும். பைப் பாஸைக் கூப்பிட்டால் "நாளைக்கு வாறேன்" என்பார். அவருடைய நாளை எந்த நாள் என்பது அவருக்கே தெரியாது. அதனால்தான் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டங்களிலும் துணி சுற்றிய குழாய், பொலித்தீன் பை கட்டிய குழாய், கைப்பிடி போய்க் குறடால் திருகப்படும் குழாய் என்று விதவிதமாகக் காண்கிறோம்.

சகோதரிகளே, இந்தக் கட்டுகளை நான் குறை சொல்ல வரவில்லை. பாஸ் வரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு கட்டு வேண்டும்தான். ஆனால் பல வீடுகளில் அந்தக் கட்டே ஆறு மாதம் நிற்கிறது. உள்ளே கெட்டுப் போயிருப்பதோ ஒரு சிறு இறப்பர் வட்டம். அதை மாற்ற பாஸும் வேண்டாம், ஆண் துணையும் வேண்டாம். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை!

முதலில் தெரிந்திருக்க வேண்டியது, தண்ணீரை எங்கே பூட்டுவது என்பது. தனி வீடென்றால் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு வால்வ் இருக்கும். தொடர்மாடியில் உங்கள் வீட்டுக்குரிய வால்வ் குளியலறை மேற்புறத்திலோ, படிக்கட்டோரத்திலோ, மொட்டைமாடித் தாங்கியின் அடியிலோ இருக்கலாம். குழாய் நன்றாக இருக்கும் இன்றைக்கே அதைத் தேடி, ஒரு தடவை பூட்டித் திறந்து பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வ் இறுகிப் போயிருக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இரும்புக்கு ஆயுள் குறைவு.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பூட்டிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் வொஷர் தேய்ந்திருக்கிறது. திறக்கும்போது கைப்பிடியின் கீழே கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்திருக்கிறது. சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் புரியில் கோளாறு.

திருகிப் பூட்டும் குழாய் இங்கிலாந்தின் ரொதர்ஹாம் நகரத்துப் பித்தளை வார்ப்பாளர்களான கெஸ்ட் அன்ட் கிரைம்ஸ் நிறுவனத்தாரால் 1845இல் செய்யப்பட்டது. திருகும்போது தண்டு இறங்கி, அடியிலுள்ள வொஷரை ஒரு வட்டத் துவாரத்தின் மேல் அழுத்தி மூடும். இன்றும் பழைய பித்தளைக் குழாயின் உள்ளே நடப்பது இதுதான். சொட்டும் குழாயை இன்னும் பலமாக முறுக்குவது வொஷரை மேலும் நசுக்கும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வால்வைப் பூட்டிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரைப் போக விடுங்கள். சிங்க்கின் துவாரத்தைத் துணியால் அடையுங்கள், கழற்றும் ஆணி அதற்குள் போனால் பிறகு வேறு வேலையாகிவிடும். குழாயின் தலையில் ஒரு துணியைச் சுற்றி, மறு கையால் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பெனரால் இடப்பக்கம் திருப்பினால் தலை கழன்று வரும். அதன் அடியில் இருப்பதுதான் வொஷர். புதியது வாங்கப் போகும்போது பழையதையும் கையில் கொண்டு போங்கள். காலி வீதி ஹாட்வெயார் கடையானாலும் குவாரி வீதியானாலும், வாயால் அளவு சொல்வதைவிடக் காட்டுவது சுலபம்.

கடை பூட்டியிருக்கும் இரவில் என்ன செய்வது? பழைய வொஷரின் மறுபக்கம் தேயாமல் இருந்தால் புரட்டிப் போடுங்கள், சில நாட்கள் தாங்கும். அதுவும் பிய்ந்து போயிருந்தால் பழைய பாட்டா செருப்பு இருக்கவே இருக்கிறது. நாங்கள் ஓதிய மத்ரஸாவில் ஹவ்ழோரக் குழாய்களுக்கெல்லாம் மாணவர்கள்தான் பாஸ். செருப்பின் குதிப்பக்கத்தில் பழைய வொஷரை வைத்துப் பேனையால் வட்டம் வரைந்து, பிளேடால் வெட்டி, நடுவில் சூடாக்கிய ஆணியால் துளை போடுவோம். எவருடைய செருப்பு என்பதில்தான் தகராறு வரும். செருப்பு இறப்பர் மெதுவானது, சீக்கிரம் நசுங்கிவிடும். குடிதண்ணீர்க் குழாயில் அதை விட்டு வைக்கவும் கூடாது. விடிந்ததும் சரியான வொஷரைப் போட்டுவிடுங்கள்.

தண்டில் கசிந்தால், மேலிருக்கும் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் பருத்தி நூலில் கொஞ்சம் வஸலின் தடவித் தண்டைச் சுற்றி அடைக்கலாம். சுவர்ப் புரிக்கு வெள்ளை நிற த்ரெட் டேப் வேண்டும். புரியின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் இழுத்துச் சுற்றுங்கள். மாறிச் சுற்றினால் பூட்டும்போது உரிந்து வரும். அரைச் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் பெரும்பாலும் வொஷர் இல்லை, உள்ளே செரமிக் தட்டுகள்தான். அங்கே செருப்பு வைத்தியம் பலிக்காது, உள் உறுப்பை முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

பிளாஸ்டிக் குழாய் உடைந்து புரித் துண்டு சுவருக்குள் மாட்டிக்கொண்டால் பலரும் பயந்து விடுகிறார்கள். சீவிய மரக்குச்சியை அதற்குள் இறுக அடித்து, மெதுவாக இடப்பக்கம் திருப்பினால் துண்டு சுற்றிக்கொண்டு வந்துவிடும். சுவர்ப் புரி எஸ்-லோனாக இருந்தால் வெப்பம் காட்ட வேண்டாம்.

வெடித்த இடத்தில் துணி கட்டுவதைவிட, சைக்கிள் டியூப்பை நீளப் பட்டியாக வெட்டி, நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றுவது மேல். இறப்பர் சுருங்கித் தானே இறுக்கும். எம்-சீல் போன்ற பசைகளைக் குழாயின் வெளிப்பக்கம் மட்டும் பூசுங்கள். இன்னொன்று: அந்தப் பசை விரலிலோ நகத்திலோ காய்ந்து படிந்துவிட்டால் அதன் கீழ் தண்ணீர் சேராது, வுழூ நிறைவேறாது. கையுறை இல்லாவிட்டால் ஒரு பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

வாளியில் சேரும் சொட்டுத் தண்ணீரில் வுழூச் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். அது பயன்படுத்தப்பட்ட தண்ணீர் அல்ல, வாளி சுத்தமாக இருந்தால் போதும். ஆனால் மூடி வையுங்கள். டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள்.

சொட்டை அளந்தும் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் சேர்ந்தால் நாளுக்கு 24, மாதத்துக்கு 720 லீற்றர். நீர்ப் பட்டியலில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். அலகு கூடக் கூட, ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும். 2022இலும் 2023இலும் கட்டணம் உயர்த்தப்பட்டது நினைவிருக்கும். நபி (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்திருக்கிறார்கள். நம் குழாயின் ஒரு மணித்தியாலச் சொட்டு ஒரு வுழூவுக்குத் தாராளம்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் சிங்க்கின் கீழ் கசிவது கீழ்வீட்டுக்காரரின் கூரையில் மஞ்சள் கறையாகத் தெரியும். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அண்டை வீட்டாரின் ஹக் அது. அவர் மேலே ஏறி வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்காமல் நீங்களே இறங்கிப் போய்ச் சொல்லுங்கள். ஈரம் மின்விளக்குப் பக்கம் பரவியிருந்தால், அந்த சுவிட்சைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைக்கும்படி முதலில் அதைச் சொல்லுங்கள்.