உங்களுக்குத் தெரியுமா? நேற்று ஓடிய எஞ்சின் இன்று ஏன் மக்கர் செய்கிறது?

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் கோட்டைக்குள் கடல் இல்லை. ஆனால் பத்மநாபபுரம் வருவாய்க் கோட்டத்தில் குளச்சல் இருக்கிறது, முட்டம் இருக்கிறது. 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் கடற்கரையில் இப்போது மல்லுக்கட்டு அவுட்போர்டு எஞ்சினோடுதான். ஒரு நாள் ஒரே இழுப்பில் பற்றும். மறுநாள் தோள்பட்டை கழன்றாலும் பற்றாது. சுற்றுலாப் பயணிகள் ஏறும் வாட்டர் ஸ்கூட்டருக்கும் இதே வியாதி உண்டு.

*

அவுட்போர்டு எஞ்சினை 1909-ல் தொடங்கி வியாபாரத்தில் வெற்றிபெறச் செய்தவர் நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட். கவாசாகியின் ஜெட் ஸ்கீ என்ற வாட்டர் ஸ்கூட்டர் வந்தது 1973-ல். இரண்டுக்கும் பொது எதிரி உப்பு.

*

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறதா? உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது சுமார் 12.6 காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்கையில் பத்துக்கும் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் சில நாள் மட்டும் மறுக்கிறது என்றால், இணைப்புகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். உறைக்குள்ளேயே ஏறுவதால் வெளியே தெரியாது. அலையில் வண்டி குலுங்கும்போது ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் தொடாது. கண்டுபிடிக்க வழி உண்டு: பேட்டரியின் பிளஸ் முனையில் வோல்ட் மீட்டரின் ஒரு கம்பி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் பிளஸ் முனையில் மறு கம்பி. பட்டனை அழுத்தி மோட்டார் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், கேபிளோ ரிலேயோ மின்சாரத்தைத் தின்கிறது. எர்த் கம்பியையும் இப்படியே சோதியுங்கள். பத்து ரூபாய்க் களிம்பைச் சுரண்டாமல் பல்லாயிரம் ரூபாய் ஸ்டார்ட்டரை மாற்றுவது நம்மூரில் நடக்கிற கூத்து.

*

மணிக்கட்டில் மாட்டும் சிவப்புச் சுருள் கயிற்றின் மறுமுனை ஸ்விட்சிலிருந்து கழன்றிருந்தால் எஞ்சின் ஓடாது. ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் வண்டி நிற்கட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. பழுது என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

*

மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளத்து எஞ்சினை முதலில் பெட்ரோலில்தான் கிளப்புவார்கள். நிறுத்தும் முன்பும் பெட்ரோலுக்கு மாற்றுவது நல்லது. இல்லாவிட்டால் கார்ப்புரேட்டரில் தங்கும் மண்ணெண்ணெய் அடுத்த நாள் பிளக்கை நனைத்துவிடும்.

*

எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் படியும். மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டி முரண்டு பிடித்தால் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

*

கிளம்பிச் சில நிமிடத்தில் நிற்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கலாம்.

*

வாட்டர் ஸ்கூட்டரை நன்னீரால் அலசும்போது, முதலில் எஞ்சின், பிறகு குழாய். முடிக்கையில் முதலில் குழாயை மூடுங்கள், பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். மாற்றிச் செய்தால் பல மாடல்களில் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும்.

*

பத்து விநாடிக்கு மேல் பட்டனை விடாமல் அழுத்தாதீர்கள். ஸ்டார்ட்டர் சூடாகிக் கருகும். வாட்டர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யும் முன் இருக்கையைத் தூக்கி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அது போகும்வரை பட்டனைத் தொடவே வேண்டாம்.