கழிவுக்கும் ஒரு கணக்கு உண்டு

‘கழிவு’ என்ற சொல் நம் தொழிலுக்குப் புதிதல்ல. ரொக்கத்துக்கு வாங்குபவருக்கு விலையில் விட்டுக் கொடுப்பதைக் கழிவு என்கிறோம். மூட்டையின் எடையில் சாக்கின் எடையைக் கழித்துத்தான் சரக்குக்குப் பணம் கொடுக்கிறோம். இவற்றுக்கெல்லாம் பைசா பிசகாமல் கணக்கு எழுதும் நாம், இரவு கடை சாத்தும்போது வெளியே வைக்கும் குப்பை மூட்டைக்கு மட்டும் கணக்கு எழுதுவதில்லை. அழுகிய தக்காளி, வாடிய கொத்தமல்லி, கிழிந்த பாலிதீன் பை, நனைந்த அட்டைப் பெட்டி, ஃபியூஸ் போன பல்பு எல்லாம் ஒரே சாக்கில் போகின்றன. அந்தச் சாக்கு போகும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சுற்றுச்சூழல் பொறியியல் துறையினர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் வணிகர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

குப்பை மேட்டில் நடப்பது என்ன?

காய்கறியின் எடையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர்தான். குப்பை மேட்டில் அதன் மீது மேலும் மேலும் குப்பை விழும்போது உள்ளே காற்றுப் புக வழியில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதை அழுகச் செய்து, மீத்தேன் என்னும் எரியக்கூடிய வாயுவை உண்டாக்குகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை இந்த வாயு கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பூமியில் தேக்கி வைக்கிறது.

வாயு மேலே போகிறது. தண்ணீர் கீழே இறங்குகிறது. அழுகல் நீர், வழியிலுள்ள பாட்டரி, பல்பு, பெயிண்ட் டப்பா ஆகியவற்றின் நச்சையும் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் கலக்கிறது. குப்பை மேட்டைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் கிணறு கெடுவது இப்படித்தான். சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்ததும், அப்பகுதி மக்கள் மூச்சுத் திணறியதும் நினைவிருக்கும். அந்தக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. நகரத்துக் கடைகளின் சாக்குகளும் சேர்ந்துதான் இப்படிப்பட்ட மேடுகள் உயர்ந்தன என்பதை நாம் மறுக்க முடியாது.

மூடிய தொட்டியில் நடப்பது என்ன?

அதே நுண்ணுயிர்களை அதே வேலையைச் செய்யவிட்டு, வரும் வாயுவைப் பிடித்துக்கொண்டால் அது சரக்காகிறது. சாண எரிவாயுக் கலத்தின் தத்துவம் இதுதான். காய்கறிக் கழிவை அரைத்துக் கூழாக்கிக் காற்றுப் புகாத தொட்டியில் விடுகிறார்கள். முதலில் ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் புரதத்தையும் உடைக்கின்றன. அடுத்து வருபவை, தோசை மாவு புளிப்பதுபோல அதைப் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. கடைசி வகை அந்த அமிலத்தை உண்டு மீத்தேனைத் தருகின்றது.

இந்தக் கடைசி வகை மிகவும் மென்மையானது. சுமார் 35 டிகிரி சூடு வேண்டும். புளிப்பு அதிகமானாலோ உப்பு அதிகமானாலோ வேலை செய்யாது. தொட்டி சீராக ஓடினால் கிடைக்கும் வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் மீத்தேன். ஒரு கன மீட்டர் வாயு, சுமார் 450 கிராம் சமையல் காஸுக்குச் சமம். தொட்டியிலிருந்து வெளியேறும் கூழ் வயலுக்கு எருவாகிறது.

ஒரு சந்தையின் கணக்கு

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தெலுங்கானாவில் செகந்திராபாத்தை ஒட்டிய போவன்பள்ளி காய்கறிச் சந்தையில், ஐதராபாத்திலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் முறையில் ஓர் ஆலை அமைத்தார்கள். முன்பு குப்பை மேட்டுக்குப் போன கழிவில் நாளொன்றுக்குச் சுமார் 10 டன்னை எடுத்து, ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிவாயுவும் பெற்றதாக 2021ஆம் ஆண்டு கூறப்பட்டது. மின்சாரம் சந்தையின் விளக்குகளுக்கும் கடைகளுக்கும், எரிவாயு சந்தையின் உணவு விடுதிக்கும் போயின.

இதை நம் பாஷையில் சொன்னால், ஒரு டன் கழிவுக்கு 50 யூனிட் மின்சாரம், 3 கிலோ எரிவாயு. நாளுக்கு 5 கிலோ கழிக்கும் ஒரு மளிகைக் கடைக்கு இது கால் யூனிட்தான். தனி ஒருவர் செய்தால் கட்டுப்படியாகாது. ஒரு கடைத்தெருவே சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். சங்கத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

சென்னை கோயம்பேடு சந்தைக்கும் 2005ஆம் ஆண்டு, நாளுக்கு 30 டன் கொள்ளளவில் இத்தகைய ஆலை ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் அது இயங்காமல் கிடந்த காலமும் உண்டு. ஆலையைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. தினந்தோறும் அதற்கு ஏற்ற கழிவு வந்து சேர வேண்டும், பராமரிப்பும் வேண்டும்.

பிரிப்பது ஏன் அவசியம்?

கலந்த குப்பை தொட்டிக்குள் போனால் மண்ணும் கல்லும் அடியில் தங்கி இடத்தை அடைக்கின்றன. பாலிதீனும் சணலும் மேலே ஏடுபோல் மிதந்து வாயுவைத் தடுக்கின்றன; பம்பில் சுற்றிக்கொள்கின்றன. நஞ்சு கலந்தால் நுண்ணுயிர்கள் மடிகின்றன. பிறகு ஆலையில் ஆள் வைத்துப் பிரிக்க நேர்கிறது. கடையில் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை, கலந்து நசுங்கி நாறிய பின் செய்தால் பல மடங்கு கூலியாகிறது. அப்போதும் முழுதாகப் பிரிவதில்லை. அரிசியில் கலந்த கல்லைப் பொறுக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2016ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தோன்றும் இடத்திலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன. உள்ளாட்சியோடு சேர்ந்து இதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை வணிகர் சங்கங்களுக்கும் தந்தன. மக்கும் கழிவை இயன்றவரை அந்த வளாகத்திலேயே எருவாகவோ எரிவாயுவாகவோ மாற்றச் சொல்லின.

நம் கடையில் செய்யக் கூடியவை

1. மூன்று தொட்டிகள் வையுங்கள். காய்கறி, பழம், கெட்டுப்போன தானியம் ஒன்றில். காகிதம், அட்டை, பிளாஸ்டிக் ஒன்றில். பல்பு, பாட்டரி, பூச்சி மருந்து டப்பா ஒன்றில்.

2. அட்டைப் பெட்டி நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு வாங்குவார்; தக்காளிச் சாறு பட்டதைத் தொடமாட்டார்.

3. ஊறுகாய் ஜாடியின் உப்பு நீரையும், தேங்காய் நாரையும் காய்கறிக் கழிவில் சேர்க்காதீர்கள். நார் தொட்டியில் எளிதில் செரிக்காது, எருக்குழிக்கு அனுப்பலாம்.

4. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. பொட்டலத்துக்குக் காகிதமும், வாடிக்கையாளர் கையில் துணிப்பையும் இருந்தால் அபராத பயமும் இல்லை, குப்பையும் குறையும்.

5. ஒரு மாதம் கழிவை எடை போட்டு எழுதுங்கள். முதல் போட்டு வாங்கிய சரக்கு எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்று அப்போதுதான் தெரியும். கொள்முதலைக் குறைக்க வேண்டிய சரக்கு எது என்பதையும் அந்த ஏடே சொல்லும்.

ஐந்தாவது யோசனைக்கு ஆலையும் வேண்டாம், அரசு உதவியும் வேண்டாம். ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். ஒவ்வொரு தெருவிலும் பத்துக் கடைக்காரர்கள் இப்படி எழுதிய ஏட்டைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தால், நம் கடைத்தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மக்கும் கழிவு சேர்கிறது என்பது தெரிந்துவிடும். எரிவாயுத் தொட்டியா, எருக்குழியா என்று நகராட்சியோடு உட்கார்ந்து பேசும்போது நம் கையில் இருக்க வேண்டியது அந்தக் கணக்குதான். அதை இந்த மாதமே தொடங்குவோம்.