மணவாழ்வும் வாடகை வீட்டு நட்டமும்: அமெரிக்க வரிச் சட்டம் போடும் கணக்கு

அமெரிக்கக் கூட்டரசின் வருமான வரிச் சட்டத்தில், வாடகைக்கு விட்ட வீட்டால் ஏற்படும் நட்டத்தைச் சம்பள வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி, நட்டம் எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டின் உரிமையாளர் மணமானவரா, மணமானவரெனில் துணைவரோடு சேர்ந்து ஒரே அறிக்கை தாக்கல் செய்கிறாரா அல்லது தனித்துத் தாக்கல் செய்கிறாரா, அந்த ஆண்டில் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்களா என்பவற்றையும் சட்டம் கேட்கிறது. வீடும் நட்டமும் வருமானமும் மாறாமல் இருக்கும்போதே, அறிக்கையின் முதற்பக்கத்தில் இடப்படும் ஒரு குறி, ஒரு தம்பதிக்கு 25,000 டாலர் வரையிலான கழிவைத் தரவும் செய்யும். முற்றாக மறுக்கவும் செய்யும்.

இந்தியாவில் கணவனும் மனைவியும் அவரவர் வருமானத்துக்கு அவரவரே வரி செலுத்துகிறார்கள். அமெரிக்காவிலோ, 1948ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டத்துக்குப் பிறகு, தம்பதியர் இருவரின் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டி, அவர்களுக்கென வகுக்கப்பட்ட விகிதப்படி வரி கணக்கிடும் கூட்டுத் தாக்கல் முறையே பெருவழக்காகிவிட்டது. மணமாகாதவர், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியர், தனித்தனியே தாக்கல் செய்யும் தம்பதியர், குடும்பத் தலைவர், துணையை இழந்து பிள்ளையைப் பேணுபவர் என ஐந்து தாக்கல் நிலைகள் அங்கே உள்ளன. ஒருவர் மணமானவரா என்பது டிசம்பர் 31ஆம் நாளின் நிலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதால், ஆண்டின் கடைசி நாளில் மணம் புரிந்தவரும் அவ்வாண்டு முழுமைக்கும் மணமானவராகவே கொள்ளப்படுகிறார்.

கையில் பணம், கணக்கில் நட்டம்

வாடகை வீட்டில் நட்டம் என்றவுடன், வாடகையைவிடச் செலவு மிகுந்துவிட்டது என்றே பலரும் எண்ணக்கூடும். ஆனால் வரிக் கணக்கில் தோன்றும் நட்டத்தின் பெரும்பகுதி பல நேரங்களில் தேய்மானத்தால் வருவதாகும். தேய்மானம் என்பது, கட்டடம் ஆண்டுதோறும் பழமையடைந்து மதிப்புக் குறைகிறது என்ற அடிப்படையில், அதன் விலையில் ஒரு பகுதியை ஒவ்வோர் ஆண்டும் செலவாகக் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் முறையாகும். குடியிருப்புக் கட்டடத்துக்கு அமெரிக்கச் சட்டம் வகுத்துள்ள தேய்மானக் காலம் 27.5 ஆண்டுகள், நிலம் தேய்வதில்லை என்பதால் நிலத்தின் விலைக்கு இக்கழிவு கிடையாது.

கட்டடத்தின் மதிப்பு மட்டும் 2,75,000 டாலர் எனக் கொண்டால், ஆண்டுத் தேய்மானம் 10,000 டாலர் ஆகிறது. அவ்வீட்டுக்கு ஆண்டு வாடகையாக 24,000 டாலர் வந்து, கடன் வட்டி, சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 22,000 டாலர் செலவானால், உரிமையாளரின் கையில் 2,000 டாலர் மிஞ்சுகிறது. ஆயினும் தேய்மானத்தையும் சேர்த்துக் கணக்கிடும்போது, வரி அறிக்கையின் வாடகைக்கான இணைப்பான 'இ' அட்டவணையில் 8,000 டாலர் நட்டம் எழுதப்படுகிறது. இந்த ஏட்டு நட்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடிந்தால், அந்த அளவுக்கு வரிக்குரிய வருமானம் குறைகிறது.

1986 போட்ட வேலி

1980களின் நடுப்பகுதிவரை, உயர்ந்த வருமானம் உடைய பலர், தாம் எவ்வகையிலும் நடத்தாத கட்டடத் திட்டங்களில் பங்கு வாங்கி, அவற்றிலிருந்து கிடைத்த ஏட்டு நட்டங்களைக்கொண்டு தம் தொழில் வருமானத்துக்கான வரியைக் குறைத்துவந்தனர். இவ்வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க எண்ணிய அமெரிக்கக் காங்கிரஸ், அதிபர் ரொனால்டு ரீகன் 1986 அக்டோபரில் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியே, வருமான வரித் தொகுப்பில் 469ஆம் பிரிவைச் சேர்த்தது. ஒருவர் பணம் இட்டிருந்தும் நடத்துவதில் போதிய உழைப்பைச் செலுத்தாத தொழிலை ஈடுபாடற்ற தொழில் என்று வகுத்து, அதில் வரும் நட்டத்தை அதே வகையான தொழில்களின் ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம், சம்பளத்திலோ வட்டியிலோ கழிக்கலாகாது என்று அப்பிரிவு விதித்தது. வாடகைத் தொழிலோ, உரிமையாளர் எவ்வளவு உழைத்தாலும், பொதுவிதியின்படி ஈடுபாடற்றதாகவே கொள்ளப்பட்டது.

ஆனால் ஒன்றிரண்டு வீடுகளை வைத்துத் தாமே பராமரித்துவரும் நடுத்தர வருமானத்தாரையும் இவ்விதி தாக்கும் என்பதால், ஒரு விலக்கும் உடன் அளிக்கப்பட்டது. வீட்டில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு உரிமை உடையவராகவும், குடியிருப்பவரைத் தேர்ந்தெடுத்தல், வாடகையை நிர்ணயித்தல், பழுதுபார்ப்புக்கு ஒப்புதல் தருதல் போன்ற முடிவுகளை உண்மையாகவே எடுப்பவராகவும் இருப்பவர், அதாவது முனைப்பான பங்கேற்பு உடையவர், ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான வாடகை நட்டத்தைச் சம்பளம் முதலிய பிற வருமானத்தில் கழிக்கலாம். பங்கேற்பை அளக்கும்போது துணைவரின் பங்கேற்பும் சேர்த்தே பார்க்கப்படுகிறது. முகவர் ஒருவரை அமர்த்தியிருந்தாலும், இறுதி முடிவுகள் உரிமையாளருடையவையாக இருந்தால் இத்தகுதி கெடுவதில்லை.

ஒரு குறி, மூன்று விளைவுகள்

தாக்கல் நிலை தன் முழு வலிமையையும் காட்டுவது இந்த விலக்கில்தான். கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கும் மணமாகாதவருக்கும் உச்சவரம்பு 25,000 டாலர். சில கழிவுகளை மீண்டும் கூட்டிக் கணக்கிடப்படும் திருத்திய மொத்த வருமானம் 1,00,000 டாலரைத் தாண்டும்போது, தாண்டிய தொகையில் பாதி அவ்வுச்சவரம்பிலிருந்து குறைக்கப்பட்டு, 1,50,000 டாலரில் சலுகை அற்றுப்போகிறது. இருவரின் வருமானமும் சேர்ந்து 1,20,000 டாலராகவும், வாடகை நட்டம் 20,000 டாலராகவும் உள்ள தம்பதியை எடுத்துக்கொண்டால், மிகையான 20,000 டாலரில் பாதியாகிய 10,000 டாலர் குறைந்து உச்சவரம்பு 15,000 டாலராகிறது. எஞ்சிய 5,000 டாலர் நட்டம் அவ்வாண்டில் பயன்படாது.

தனித்தனியே தாக்கல் செய்துகொண்டு, ஆண்டு முழுவதும் பிரிந்தே வாழ்ந்த தம்பதியருக்கு எல்லா எண்களும் பாதியாகின்றன. ஒவ்வொருவருக்கும் உச்சவரம்பு 12,500 டாலர். அது 50,000 டாலர் வருமானத்தில் தேயத் தொடங்கி 75,000 டாலரில் மறைகிறது. 60,000 டாலர் வருமானம் உள்ள ஒருவருக்கு, இக்கணக்கின்படி 7,500 டாலர் வரையே கழிவு கிட்டும்.

தனித்தனியே தாக்கல் செய்தும், ஆண்டின் எந்தப் பகுதியிலேனும் சேர்ந்து வாழ்ந்த தம்பதியருக்கோ உச்சவரம்பு சுழியம். வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆண்டு முழுவதும் பிரிந்திருக்க வேண்டும் என்றே சட்டத்தின் சொற்கள் கேட்பதால், ஜனவரி மாதம் சேர்ந்து வாழ்ந்து பிப்ரவரியில் பிரிந்தவர்களும் இவ்விதிக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

பிரிந்து வாழும் பெற்றோருக்கு இங்கே ஒரு வழி திறந்திருக்கிறது. ஆண்டின் கடைசி ஆறு மாதங்கள் துணைவர் அவ்வீட்டில் வாழாதிருந்து, பிள்ளையைப் பாதி ஆண்டுக்கும் மேலாகத் தம்மோடு வைத்து, வீட்டுச் செலவில் பாதிக்கும் மேலானதைத் தாமே ஏற்றவர், சட்டத்தின் பார்வையில் மணமாகாதவராகக் கருதப்பட்டுக் குடும்பத் தலைவர் என்ற நிலையில் தாக்கல் செய்யலாம். அவ்வாறு செய்பவருக்கு 25,000 டாலர் உச்சவரம்பு முழுமையாக உண்டு.

கடுமைக்குக் காரணம்

தம்பதியருள் ஒருவருக்கு 3,00,000 டாலரும் மற்றவருக்கு 40,000 டாலரும் வருமானம் உள்ளதாகவும், வாடகை வீடு குறைந்த வருமானம் உடையவரின் பெயரில் இருப்பதாகவும் கொண்டால், இத்தடை இல்லாதபோது அவர் தனித்துத் தாக்கல் செய்து, குறைந்த வருமானத்தாருக்கென ஏற்பட்ட சலுகையை முழுமையாகப் பெற்றுவிடலாம். சேர்ந்து வாழும் குடும்பத்தின் பொருள்நிலை ஒன்றே என்பதால், தாளில் பிரித்துக் காட்டுவது ஏற்கப்படலாகாது என்பதே தடையின் உட்கருத்து. இதன் தர்க்கம் சரியானதே எனினும், அதன் சுமை சலுகையைத் தேடித் தனித்துத் தாக்கல் செய்பவரோடு நிற்பதில்லை. கூட்டு அறிக்கையில் கையெழுத்திடும் இருவரும் முழு வரிக்கும் தனித்தனியே பொறுப்பாவார்கள் என்பதால், துணைவரின் கணக்கு வழக்கில் ஐயம் கொண்டு தனித்துத் தாக்கல் செய்பவர் உண்டு. மாதத் தவணை வருமானத்தைப் பொறுத்து அமையும் கல்விக் கடனுக்காக அவ்வாறு செய்பவரும் உண்டு. இவர்களும் அதே தடைக்கு உட்படுகிறார்கள்.

கூட்டுத் தாக்கலிலும் மணவாழ்வுக்கு ஒரு தண்டம் மறைந்திருக்கிறது. தலைக்கு 1,00,000 டாலர் வருமானமும், ஆளுக்கொரு வாடகை வீட்டில் 20,000 டாலர் நட்டமும் உள்ள மணமாகாத இருவர், மொத்தம் 40,000 டாலரைக் கழித்துக்கொள்ள முடியும். அவர்கள் மணந்துகொண்ட ஆண்டிலேயே கூட்டு வருமானம் 2,00,000 டாலராகி, கழிவு முற்றிலும் நின்றுவிடுகிறது. உச்சவரம்பும் வருமான எல்லைகளும் தம்பதியருக்கு இரட்டிப்பாக்கப்படாததே இதற்குக் காரணம். மேலும், இந்த எண்கள் 1986இல் எழுதப்பட்டபின் விலைவாசிக்கேற்ப ஒருமுறைகூட உயர்த்தப்படவில்லை. அன்று அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஏறத்தாழ 25,000 டாலராக இருந்ததால், 1,00,000 டாலர் என்பது செல்வர்களின் எல்லையாகத் தோன்றியது. இன்று இருவரும் வேலைக்குச் செல்லும் எத்தனையோ சாதாரணக் குடும்பங்கள் அதைக் கடந்துவிட்டன.

சொத்துத் தொழிலர் என்ற வாயில்

வருமான எல்லையைக் கடந்தவர்களுக்கும் ஒரு வாயில் உண்டு. ஓராண்டில் தாம் செய்யும் வேலையில் பாதிக்கும் மேற்பட்டதை அசையாச் சொத்துத் தொழில்களில் செலவிட்டு, அவ்வேலை 750 மணி நேரத்தையும் தாண்டியவரைச் சட்டம் சொத்துத் தொழிலராக ஏற்கிறது. அவர் தம் வாடகை வீடுகளின் நடத்தலிலும் கணிசமாக ஈடுபட்டிருந்தால், அவற்றின் நட்டம் ஈடுபாடற்றது என்ற வகையிலிருந்தே நீங்கி, 25,000 டாலர் வரம்பின்றிக் கழிக்கத்தக்கதாகிறது. இங்கும் மணவாழ்வு குறுக்கிடுகிறது. 750 மணி நேரத்தையும் பாதிக்கு மேல் என்ற நிபந்தனையையும் தம்பதியருள் ஒருவரே தனித்து நிறைவேற்ற வேண்டும். இருவரின் நேரத்தையும் கூட்டக் கூடாது. வீடுகளில் கணிசமான ஈடுபாடு உண்டா என்பதைச் சோதிக்கும்போதோ இருவரின் உழைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் இத்தகுதியைப் பெற்றுக் கூட்டாகத் தாக்கல் செய்தால், மற்றவரின் சம்பளத்திலும் அந்நட்டம் கழிகிறது.

காத்திருக்கும் நட்டம்

மறுக்கப்பட்ட நட்டம் அழிந்துவிடுவதில்லை. 8582 என்ற எண்ணுடைய படிவத்தின் வழியே அது அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கால வரம்பின்றி எடுத்துச் செல்லப்பட்டு, பின்னாளில் வாடகை ஆதாயம் வரும்போது அதில் கழிகிறது. வீட்டை உறவினரல்லாத ஒருவருக்கு முழுமையாக விற்கும் ஆண்டில், தேங்கிய நட்டம் அனைத்தும் எவ்வகை வருமானத்திலும் கழிக்கத்தக்கதாக விடுபடுகிறது. ஆனால் மணமுறிவின்போது வீடு ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறினால், கொடுத்தவரின் தேங்கிய நட்டம் அவருக்குக் கழிவாகாமல், பெறுபவரின் கணக்கில் வீட்டின் அடக்க விலையோடு கூட்டப்படுகிறது. உரிமையாளர் இறந்தால், சந்தை மதிப்புக்கு ஏற்ப வீட்டின் அடக்க விலை எவ்வளவு உயர்கிறதோ அந்த அளவுக்குத் தேங்கிய நட்டம் மறைந்துவிடுகிறது. ஆகவே சொத்துப் பிரிவினைப் பேச்சில் வீட்டின் விலையோடு தேங்கிய நட்டத்தையும் எண்ணிப் பார்ப்பது அறிவுடைமையாகும்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கும் இது அயலான செய்தியன்று. அந்நாட்டின் குடிமக்களும் வரிநோக்கில் அங்கே வசிப்பவர்களும் உலகெங்கும் பெறும் வருமானத்துக்கு அங்கே கணக்குக் காட்ட வேண்டியவர்கள் என்பதால், சென்னையிலோ மதுரையிலோ வாடகைக்கு விடப்பட்ட வீட்டுக்கும் 469ஆம் பிரிவு பொருந்துகிறது. வெளிநாட்டுக் குடியிருப்பு வீட்டுக்குத் தேய்மானக் காலம் 27.5 ஆண்டுகள் அன்று. 2017க்குப் பின் வாடகைக்கு விடப்பட்டதாயின் 30 ஆண்டுகள். தமிழர் மிகுதியாக வாழும் கலிபோர்னியா, டெக்சஸ் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில், மணவாழ்வில் ஈட்டிய சொத்து பொதுவாக இருவருக்கும் சமபங்காகக் கருதப்படுவதால், வீடு யார் பெயரில் இருந்தாலும், தனித்தனியே தாக்கல் செய்யும்போது அதன் வாடகையும் செலவும் இருவருக்கும் பாதிபாதியாகப் பிரிக்கப்பட வேண்டியிருக்கும்.

எனவே தாக்கல் நிலையைத் தேர்வதற்குமுன் இரு முறைகளிலும் முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே முறை. தனித்துத் தாக்கல் செய்வதால் கல்விக் கடனிலோ பொறுப்பிலோ கிடைக்கும் நன்மை, இழக்கும் வாடகைக் கழிவைவிடப் பெரிதாக இருக்கவும் கூடும். இதில் காலக் கெடுவும் முதன்மையானது. தனித்தனியே தாக்கல் செய்தவர்கள், மூல அறிக்கைக்குரிய கெடு நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கூட்டு அறிக்கைக்குப் பொதுவாக மாறிக்கொள்ளலாம். கூட்டாகத் தாக்கல் செய்தவர்களோ, கெடு நாள் கடந்தபின் தனித்தனி அறிக்கைக்குத் திரும்ப இயலாது. பின்வாங்க முடியாத முடிவு என்பதால், கூட்டு அறிக்கையில் கையெழுத்திடும் முன்பே தேர்ந்த வரிக் கணக்காளர் ஒருவரைக் கலந்துகொள்வது நல்லது.