அப்பா இறந்தது எந்த வருஷம்?
நிலத்தில் மகளுக்குப் பங்கு உண்டா என்பதை முடிவு செய்யும் மூன்று கேள்விகள்

திருப்பூரைச் சுற்றி ஒரு காலத்தில் காடும் தோட்டமும்தான் இருந்தன. மழையை நம்பிய புன்செய் நிலத்தைக் கொங்கு நாட்டில் காடு என்பார்கள். கிணறு உள்ள நிலம் தோட்டம். காட்டில் சோளமும் கம்பும் விளைந்தன. பருத்தியும் விளைந்தது.

1920-களில் ஊருக்குள் பனியன் தொழில் தொடங்கியது. நாளாக ஆக அது வளர்ந்தது. அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி வழிகளில் பரவியது. காடுகளில் நிட்டிங் கம்பெனிகள் முளைத்தன. தோட்டங்களில் குடோன்கள் எழுந்தன. ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசத் தொடங்கினார்கள்.

நிலத்தின் விலை ஏறியது. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. இந்த நிலம் யாருடையது?

நிலத்தை விற்கப் போனால் வாங்குகிறவரின் வக்கீல் இதைக் கேட்கிறார். நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கப் போனால் பாங்க் வக்கீல் கேட்கிறார். "மூலப்பத்திரம் எங்கே? வாரிசுகள் எத்தனை பேர்? பெண் மக்கள் கையெழுத்துப் போட்டார்களா?"

உடனே வீட்டுக்கு ஆள் வருகிறது. "அம்மிணி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று அண்ணன் கூப்பிடுகிறார். நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனிப் பெண்ணுக்கு என்ன பங்கு என்பது பழைய எண்ணம்.

சட்டம் என்ன சொல்கிறது? அதை அறிய மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்த மூன்று கேள்விகளும் இன்று பிறந்தவை அல்ல. எண்ணூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வயது அவற்றுக்கு உண்டு.

இங்கிலாந்து மன்னரின் கோர்ட்டு

இங்கிலாந்தை இரண்டாம் ஹென்றி மன்னர் ஆண்ட காலம். தகப்பன் இறந்தவுடன் அவன் நிலத்தில் பிரபு புகுந்து கொள்வான். சில இடங்களில் அயலான் புகுந்து கொள்வான். வாரிசு தெருவில் நிற்பான்.

1176-ம் ஆண்டில் மன்னர் இதற்கு ஒரு வழி செய்தார். நிலத்தை இழந்த வாரிசு மன்னரின் கோர்ட்டுக்குப் போகலாம். அக்கம்பக்கத்தில் இருந்து 12 பேரை அழைப்பார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்பார்கள்.

இறந்த அன்று நிலம் அவன் கையில், அவன் சொத்தாக இருந்ததா? குறித்த காலத்துக்குள் இறந்தானா? வழக்குப் போட்டவன்தான் நெருங்கிய வாரிசா?

மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் நிலம் வாரிசின் கைக்கு வரும்.

அந்தக் காலத்தில் பிறப்புச் சான்று கிடையாது. வாரிசுக்கு வயது 21 ஆகிவிட்டதா என்று எப்படி அறிவது? அதற்கும் அக்கம்பக்கத்தாரைத்தான் கேட்டார்கள். "அவன் பிறந்த வருஷம்தான் என் மகனும் பிறந்தான்" என்பார் ஒருவர். "அந்த வருஷம்தான் நான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன்" என்பார் இன்னொருவர். நம் ஊர்ப் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சத்தை வைத்து வயதைக் கணக்கிட்டது போலத்தான்.

அங்கேயும் பெண்ணுக்கு இரண்டாம் இடம்தான். மூத்த மகன் இருந்தால் நிலம் அவனுக்கே போகும். மகன் இல்லாவிட்டால்தான் மகள்கள் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள்.

சிவகங்கை மகள்

நம் நாட்டில் பழைய இந்துச் சட்டம் வேறு வழியில் சென்றது. சொத்தை அது இரண்டு வகையாகப் பார்த்தது. ஒன்று, பிரியாத குடும்பத்தின் பொதுச்சொத்து. மற்றொன்று, ஒருவர் தாமே சம்பாதித்த சொத்து.

பொதுச்சொத்தில் பங்குள்ள ஓர் ஆண், மகன் இல்லாமல் இறந்தால், அவர் பங்கு மிச்சம் இருக்கும் ஆண்களுக்குப் போகும். அண்ணன், தம்பி, அவர்கள் மகன்கள் எடுத்துக்கொள்வார்கள். மகளுக்கு எதுவும் இல்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்து அப்படி அல்ல. மகன் இல்லாவிட்டால் அது மனைவிக்குப் போகும். மனைவிக்குப் பிறகு மகளுக்குப் போகும்.

சிவகங்கைச் சீமையில் இதைப் பற்றித்தான் பெரிய வழக்கு நடந்தது. கவுரி வல்லப உடையத் தேவருக்கு 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஜமீனைக் கொடுத்தது. அவர் 1829-ல் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. மனைவிகளும் மகள்களும் இருந்தார்கள். ஆனால் ஜமீன் அவருடைய சகோதரரின் பிள்ளைகள் கைக்குப் போயிற்று. குடும்பம் பிரியவில்லை, அதனால் சொத்து ஆண்களுக்கே என்றார்கள்.

மனைவி அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். தீர்வு காணாமலே இறந்தார். பிறகு மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையில் எடுத்தார். வழக்கு கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1863-ல் தீர்ப்பு வந்தது.

"குடும்பம் பிரியாமல் இருக்கலாம். ஆனாலும் இந்த ஜமீன் அவர் தாமே பெற்ற சொத்து. அது மகளுக்குப் போகும்" என்பதே தீர்ப்பின் சாரம். தகப்பனார் இறந்து 34 ஆண்டு கழித்து மகளுக்குச் சொத்து வந்தது.

எட்டு வருஷ வித்தியாசம்

ஜமீன் வழக்கு, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். அதே கேள்வி சாதாரணக் குடும்பம் ஒன்றிலும் வந்தது. அதுவும் தமிழ்நாட்டில்தான். அந்த வழக்கின் பெயர் "அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி."

ஒரு பெரியவர் 1938-ல் கோர்ட்டு ஏலத்தில் ஒரு சொத்தை வாங்கினார். அவருக்கு ஒரே மகள். மகன் இல்லை. உடன்பிறந்தவருக்கு ஒரு மகனும் நான்கு மகள்களும் இருந்தார்கள். பெரியவர் உயில் எழுதாமல் இறந்தார். அவர் மகளும் 1967-ல் பிள்ளை இல்லாமல் இறந்தார்.

உடன்பிறந்தவரின் மகள்களில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். "எங்களில் ஐந்து பேர் இருக்கிறோம். எனக்கு ஐந்தில் ஒரு பங்கு வேண்டும்" என்றார். "இல்லை, முழுவதும் எங்கள் அப்பாவுக்கே" என்றார்கள் சகோதரரின் பிள்ளைகள்.

இங்கேதான் அந்தக் கேள்வி வந்தது. பெரியவர் இறந்தது எந்த வருஷம்?

1957 என்றது ஒரு தரப்பு. 1949 என்றது மற்றொரு தரப்பு. வித்தியாசம் எட்டு வருஷம்தான். ஆனால் நடுவில் 1956 இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 17-ந் தேதி இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1957-ல் இறந்திருந்தால் புதுச் சட்டம். 1949-ல் இறந்திருந்தால் பழைய சட்டம்.

1949-ல்தான் இறந்தார் என்று கீழ்க்கோர்ட்டு முடிவு செய்தது. பழைய முறைப்படி சொத்து ஆண் வாரிசுக்கே போயிற்று என்று 1994-ல் வழக்கைத் தள்ளியது. சென்னை ஐகோர்ட்டும் 2009-ல் அதையே சொன்னது. பெண்கள் பக்கம் தோற்றுவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு 2022 ஜனவரி 20-ந் தேதி தீர்ப்பு அளித்தது. அப்துல் நசீர், கிருஷ்ண முராரி என்ற இரு நீதிபதிகள் வழக்கை விசாரித்தார்கள். அவர்கள் முதல் கேள்விக்குத் திரும்பிப் போனார்கள். நிலம் யாருடையது?

ஏலத்தில் அவரே வாங்கியது. ஆகவே சுயசம்பாத்தியம். 1949-ல் இறந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், பழைய சட்டப்படியே அது மகளுக்குத்தான் போகும். இதற்கு மிதாட்சரம் முதலிய பழைய நூல்களை நீதிபதிகள் எடுத்துக் காட்டினார்கள். சிவகங்கை வழக்கையும் எடுத்துக் காட்டினார்கள்.

மகள் இறந்தது 1967-ல். அப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. பிள்ளை இல்லாத பெண்ணுக்குத் தகப்பன் வழி வந்த சொத்து, தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும். அந்த வாரிசுகள் உடன்பிறந்தவரின் ஐந்து பிள்ளைகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

பங்கு கேட்டவர்கள் வென்றார்கள். ஆனால் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பிலிருந்து இந்த வெற்றி வர 28 ஆண்டு ஆயிற்று. வழக்குக்குப் பெயர் தந்த அருணாசலக் கவுண்டரும் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய வாரிசுகளே தீர்ப்பைக் கேட்டார்கள்.

சட்டம் மாறிய ஆண்டுகள்

1956-ல் வந்த சட்டம், தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தந்தது. முன்பு மகளுக்கு வந்த சொத்து அவள் ஆயுள் வரைக்கும்தான். அதை அவள் இஷ்டம்போல் விற்க முடியாது. 1956-க்குப் பிறகு பெண் கையில் உள்ள சொத்து அவளுக்கு முழுச் சொத்து ஆயிற்று.

ஆனால் பரம்பரை நிலத்தில் குறை இருந்தது. நாலு ஏக்கர் பரம்பரைக் காடு. அப்பா, ஒரு மகன், ஒரு மகள். அம்மா இல்லை. அப்பா உயில் இல்லாமல் இறந்தால் என்ன ஆகும்? முதலில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர், மகனுக்கு இரண்டு ஏக்கர் என்று கணக்கிடுவார்கள். பிறகு அப்பாவின் இரண்டு ஏக்கரை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். மகனுக்கு மூன்று ஏக்கர். மகளுக்கு ஒரு ஏக்கர்.

தமிழ்நாடு 1989-ல் இதை மாற்றியது. பரம்பரைச் சொத்தில் மகளும் மகனைப் போலப் பங்காளி என்றது. ஆனால் 1989 மார்ச் 25-ந் தேதிக்கு முன் திருமணம் ஆன பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9-ந் தேதி நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டது. திருமணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதம் போயிற்று. பிறப்பாலேயே மகள் பங்காளி, 2005-ல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது.

அதே நாலு ஏக்கரில் மகளுக்கு இப்போது இரண்டு ஏக்கர்.

ஒன்றை மறக்கக் கூடாது. 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே பத்திரம் பதிந்தோ, கோர்ட்டு மூலமோ முறையாகப் பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அதை மாற்ற முடியாது. சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதத் தகப்பனுக்கு உரிமை உண்டு. இவை இந்துக் குடும்பங்களுக்கான சட்டங்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

எதைக் காட்ட வேண்டும்?

கேள்விகள் அதே மூன்றுதான். பதில் சொல்வது மட்டும் மாறிவிட்டது. அன்று 12 பேரின் சத்தியம். இன்று காகிதம்.

நிலம் யாருடையது? இதற்கு மூலப்பத்திரம் வேண்டும். வாங்கிய சொத்தா, பாட்டன் வழி வந்ததா என்பதைப் பத்திரமே சொல்லும். சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கச் சான்று வாங்கினால், அந்தக் காலத்தில் நடந்து பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் தெரியும். பலர் பட்டா தன் பெயரில் இருந்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது மட்டும் ஒருவரைச் சொந்தக்காரர் ஆக்கிவிடாது. அண்ணன் பெயரில் பட்டா இருப்பதால் தங்கையின் பங்கு போய்விடாது.

எப்போது இறந்தார்? இதற்கு இறப்புச் சான்று வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1969-ல் வந்தது. இறந்த 21 நாளைக்குள் பதிய வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் அதிகாரியின் உத்தரவு பெற்றுத்தான் பதிய முடியும்.

யார் யார் வாரிசு? இதற்குத் தாசில்தார் வாரிசுச் சான்று தருகிறார். அதில் மகள்களின் பெயரும் இருக்க வேண்டும். ஒரு மகளின் பெயரை மறைத்து வாங்கிய சான்று பின்னால் வழக்கைத்தான் கொண்டுவரும்.

கையெழுத்து கேட்டால் என்ன பத்திரம் என்று படித்துப் பார்க்க வேண்டும். விடுதலைப் பத்திரம் என்றால், தன் பங்கை விட்டுக் கொடுப்பது என்று பொருள். தெரிந்து, மனம் ஒப்பி விட்டுக் கொடுப்பது ஒருத்தியின் உரிமை. தெரியாமல் கையெழுத்துப் போடுவது வேறு. சீர் செய்ததற்காகப் பங்கு தானாகப் போய்விடும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

அண்ணனுக்கும் நல்லது

இது பெண்களுக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. தங்கையின் பங்கைத் தீர்க்காமல் விட்ட நிலத்தை வாங்க ஆள் தயங்குவார்கள். பாங்க் கடன் தர யோசிக்கும். கம்பெனி கட்டிய பிறகு வழக்கு வந்தால், ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே கோர்ட்டு நோட்டீசு வரும். பெற்றவர் இருக்கும்போதே எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி, பத்திரம் பதிந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த நிலம் யார் வாங்கியது, பாட்டன் எந்த வருஷம் இறந்தார், அவருக்கு மகன் மகள் எத்தனை பேர், பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வைக்கலாம். பள்ளியில் படிக்கும் பேத்தியே எழுதிவிடுவாள். அந்த நிலத்தில் அவளுக்கும் ஒரு நாள் பங்கு வரலாம்.